கனமா, எண்ணிக்கையா, வேகமா, மின்சாரமா? தொடை வலுவுக்கு எந்த வழி

முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர், அறுபதை நெருங்குகையில் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றாமல் எழ முடியாமல் போனவர், ஜிம்மில் சேர்ந்து ஒரு வருடமாகியும் கால் மட்டும் குச்சியாகவே நிற்கும் இளைஞர். மூவரும் கேட்பது ஒன்றைத்தான்: தொடையின் முன்தசைக்கு வலு ஏற்ற எந்த வழியில் போவது? நான்கு வழிகள் கண்முன் இருக்கின்றன. கனமான எடையைச் சில முறை மட்டும் தூக்குவது. லேசான எடையை, இனி ஒரு முறைகூட முடியாது என்னும்வரை தூக்குவது. நடுத்தர எடையை வெடுக்கென்று தள்ளுவது. தொடையில் பட்டையை ஒட்டி மின்சாரம் பாய்ச்சுவது. ஒவ்வொன்றுக்கும் வக்காலத்து வாங்க ஆள் உண்டு. விற்பதற்கும் ஆள் உண்டு.

இந்த வாக்குவாதம் பெரும்பாலும் வியர்வையையும் எரிச்சலையும் மறுநாள் வலியையும் அளவுகோலாக வைத்தே நடக்கிறது. மூன்றும் உதவாதவை. வெயிலில் சும்மா நின்றாலும் வியர்க்கும். பழக்கமில்லாதவர் பழனி மலைப்படி இறங்கினால் இரண்டு நாள் தொடை வலிக்கும், வலு ஏறியிருக்காது. உருப்படியான அளவுகோல் வேறொன்று இருக்கிறது. ஒருவர் பலமாக முக்கும்போது தண்டுவடத்திலிருந்து தசைக்கு உத்தரவு போகிறது. அதை எத்தனை நரம்புச் செல்கள் சுமந்து செல்கின்றன, ஒவ்வொன்றும் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது? ஏறத்தாழ நூறாண்டாக ஆராய்ச்சிக்கூடங்களில் அளந்துவரும் விஷயம் இது. நான்கு வழிகளையும் இந்தக் கணக்கில் நிறுத்திப் பார்த்தால் எது யாருக்கு என்பது பெருமளவு தெளிந்துவிடும்.

துடிப்பின் கணக்கு

தண்டுவடத்தில் இருக்கும் ஓர் இயக்க நரம்புச் செல், அதிலிருந்து புறப்படும் நரம்பிழை, அது கிளை பிரிந்து போய்த் தொடும் தசை இழைகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஓர் இயக்க அலகு. லிடெல், ஷெரிங்டன் என்ற இரு ஆங்கில உடலியலாளர்கள் 1925இல் இந்தக் கருத்தை நிலைநாட்டினார்கள். நரம்புச் செல் ஒரு முறை துடித்தால் அதற்குக் கட்டுப்பட்ட இழைகள் அத்தனையும் ஒரு முறை சுருங்கும். பாதி இழைகள் வேலை செய்து பாதி சும்மா இருப்பது என்ற பேச்சே இல்லை. கண்ணை அசைக்கும் தசைகளில் ஓர் அலகுக்கு ஒரு கைப்பிடி இழைகள்தான். கெண்டைக்காலின் உட்புறத் தசையில் 1955இல் எண்ணிப் பார்த்தபோது ஓர் அலகுக்குச் சராசரியாக 1,800 இழைகள் அளவுக்கு வந்தது.

ஆகவே பலத்தைக் கூட்ட மூளையிடம் இரண்டே கருவிகள். கூடுதல் அலகுகளைக் களத்தில் இறக்கலாம். இறங்கிய அலகுகளை இன்னும் வேகமாகத் துடிக்கச் சொல்லலாம். இறக்குவதில் ஒரு வரிசை இருக்கிறது. ஹார்வர்டில் எல்வுட் ஹென்னிமன் பூனைகளை வைத்து 1957இலும் பிறகு 1965இலும் காட்டியது அதைத்தான்: சிறிய நரம்புச் செல்கள் முதலில், பெரியவை கடைசியில். மனிதக் கையின் தசையிலும் அதே ஒழுங்கு இருப்பதை 1973இல் மில்னர்-பிரவுன், ஸ்டெயின், யெம் மூவரும் பதிவு செய்தார்கள். சிறிய அலகுகள் சோர்வறியாதவை, பலம் குறைந்தவை. பெரிய அலகுகள் பலசாலிகள், சீக்கிரம் களைப்பவை. காபி டம்ளரைத் தூக்கும்போது பெரியவற்றுக்கு அழைப்பே போவதில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது கொஞ்சம் போகும். ஊர்த் திருவிழாவில் இளவட்டக்கல்லை மார்புக்கு ஏற்றும் அந்த ஒரு கணத்தில்தான் வரிசையின் கடைசி ஆள்வரை வந்தாக வேண்டும்.

எந்த இடத்தில் ஆள் சேர்ப்பு முடியும் என்பது தசைக்குத் தசை மாறும். கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கும் சிறு தசையில் உச்சபலத்தின் பாதியை எட்டும் முன்பே எல்லா அலகுகளும் வந்துவிடுகின்றன. அதற்கு மேல் துடிப்பின் வேகத்தைக் கூட்டித்தான் பலம் ஏற வேண்டும். புஜத்தின் முன்தசையில் உச்சபலத்தின் 88 சதவீதம்வரை புதிய அலகுகள் வந்துகொண்டே இருப்பதை 1981இல் குகுல்கா, கிளாமன் இருவரும் கண்டார்கள். தொடை முன்தசை போன்ற பெருந்தசைகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. வரிசையின் கடைசியில் இருக்கும் பெரிய அலகுகளுக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் சாதாரண நடையோ சைக்கிளோ போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

துடிப்பின் வேகம் எவ்வளவு? உடற்பயிற்சி உலகில் இதைப் பற்றிப் புழங்கும் எண்கள் பலவும் மிகை. 1983இல் பெல்மாரும் பிக்லண்ட்-ரிச்சியும் மற்றவர்களும் மூன்று தசைகளில் நுண்ணிய மின்முனையைச் செருகி, ஆட்களை முழுப் பலத்தோடு முக்கச் சொல்லி எண்ணினார்கள். கட்டைவிரல் தசையிலும் புஜத்திலும் சராசரி நொடிக்குச் சுமார் 30 துடிப்பு. கெண்டைக்காலின் அடித்தசையில் 11கூட இல்லை. முழு முயற்சியில் நொடிக்கு 11 துடிப்பு மட்டுமா என்று தோன்றும். அந்தத் தசையின் இழைகள் மெதுவாகச் சுருங்கி மெதுவாகத் தளர்பவை. அவற்றுக்கு அந்த வேகமே போதும். அலகுகள் ஒரே நேரத்தில் துடிப்பதுமில்லை. ஒன்று துடித்துத் தளரும் இடைவெளியை மற்றொன்று நிரப்புகிறது. மின்முனையை ஒலிபெருக்கியோடு இணைத்தால் இது காதிலேயே கேட்கும். 1929இல் ஏட்ரியன், பிராங்க் இருவரும் முதன்முதலில் இப்படித்தான் கேட்டார்கள். இன்றும் நரம்பியல் பரிசோதனை அறையில் இதே ஒலிதான். லேசாக முக்கினால் ஒற்றை வெடிகள் தனித்தனியே எண்ணும்படி வெடிக்கின்றன. கொஞ்சம் அழுத்தினால் இன்னொரு சுருதியில் இரண்டாவது வெடி சேர்கிறது. முழுப் பலம் கொடுத்தால் சரவெடிதான். எது எந்த அலகின் ஒலி என்று பிரிக்கவே முடியாது. பலமான முயற்சியின்போது அலகுகள் எப்படித் துடிக்கின்றன என்ற கேள்வி விஞ்ஞானிகளை இத்தனை ஆண்டு அலைக்கழித்ததற்கு இந்த இரைச்சலே காரணம். தோலின் மேல் பல பத்து மின்முனைகளைப் பரப்பி, கணினி கொண்டு இரைச்சலைப் பிரித்தெடுக்கும் முறை இந்த நூற்றாண்டில்தான் கைக்கு வந்தது.

இன்னும் ஒரு செய்தி. முழுப் பலத்தை அப்படியே பிடித்து வைத்திருந்தால் துடிப்பின் வேகம் நிலைத்து நிற்பதில்லை. கட்டைவிரல் தசையில் நொடிக்கு 30ஐ ஒட்டித் தொடங்கியது, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. களைக்கும் தசை மெதுவாகத் தளர்வதால், குறைந்த துடிப்பிலேயே அதனிடமிருந்து கிடைப்பதைக் கறந்துவிடலாம். நரம்பு மண்டலம் வீணாக அடித்துக்கொள்வதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நிமிடக்கணக்கில் நிற்பதை வலுப் பயிற்சி என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் எரிச்சல் ஏறும். துடிப்பு ஏறியிருக்க வேண்டியதில்லை.

கனமான எடை

ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடையை நூறு என்று வைத்தால், அதில் 80 முதல் 90 சதவீதம். ஒரு சுற்றுக்கு நான்கைந்து முறை. துடிப்பின் கணக்கில் இதுதான் நேர்வழி. முதல் முறை தூக்கும்போதே வரிசையில் பெரும்பாலான அலகுகள் வந்துவிடுகின்றன, வேகமாகவும் துடிக்கின்றன. களைப்பு வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

பயிற்சியால் இந்த உத்தரவே மாறுகிறது என்பது நீண்ட காலம் யூகமாக இருந்தது. முதல் சில வாரங்களில் தொடையின் சுற்றளவு ஒரு நூல்கூட ஏறாமல் வலு மட்டும் ஏறுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நரம்பின் வேலையாக இருக்கும் என்றார்கள். 2019இல் டெல் வெக்கியோவும் கூட்டாளிகளும் பாதத்தை மேலே மடக்கும் தசையில், ஒரே அலகைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அடையாளம் கண்டு பின்தொடர்ந்தார்கள். நான்கு வாரப் பயிற்சிக்குப் பின் அதே அலகுகள் முன்னைவிடக் குறைந்த பலத்திலேயே களத்தில் இறங்கின, வேகமாகவும் துடித்தன. மாறியது நரம்பு வழி வரும் உத்தரவு.

குறைகள் இரண்டு. ஒன்று, மூட்டு. வீங்கிய முழங்காலோ தேய்ந்த மூட்டோ உள்ளவரிடம் போய் 85 சதவீதம் தூக்கு என்பது அறிவுரையே அல்ல. மற்றது, இரத்த அழுத்தம். 1985இல் மெக்டூகலும் சக ஆய்வாளர்களும் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தார்கள். இரண்டு காலாலும் முழுப் பலத்தோடு கனமான எடையைத் தள்ளியபோது சராசரி 320க்கு 250. ஒருவருக்கு 480க்கு 350. அவர்கள் இளம் வயதினர், திடகாத்திரமானவர்கள். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர், கண்ணில் விழித்திரைச் சிக்கல் உள்ளவர், குடலிறக்கம் உள்ளவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வரக்கூடாது. மற்றவர்களும் மூச்சை அடக்காமல், தள்ளும்போது விட்டுத் தூக்கப் பழக வேண்டும்.

நம் ஊர் ஜிம்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. எடையை ஏற்றிவிட்டு, முழங்கால் பாதிகூட மடங்காமல் பத்து முறை ஆட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். பத்து முறை முடிகிறதென்றால் அது கனமான எடை அல்ல. அல்லது அது தூக்கல் அல்ல.

லேசான எடை, முடியும்வரை

இதற்கு ஜிம்கூட வேண்டாம். தோப்புக்கரணம் போதும். உச்ச எடையின் 30 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, இனி ஒரு முறையும் முடியாது என்ற இடம்வரை போவது இந்த வழி. தொடக்கத்தில் சிறிய, நடுத்தர அலகுகள் மட்டும் வேலை செய்கின்றன. அவை களைத்துப் பலம் குறையக் குறைய, அதே எடையைத் தூக்க மேலும் மேலும் அலகுகள் அழைக்கப்படுகின்றன. அலகுகள் களத்தில் இறங்கும் வாசலே தாழ்ந்துவிடுகிறது. தொடையின் வெளிப்புறத் தசையில், உச்சபலத்தின் 20 சதவீதத்தைத் திரும்பத் திரும்பப் பிடித்து ஓயும்வரை செய்தவர்களிடம் ஆடம், டி லூகா இருவரும் இதை நேரிலேயே பதிவு செய்தார்கள்.

ஆக, தர்க்கம் சரிதான்: கடைசியில் எப்படியும் பெரிய அலகுகள் வந்து சேர்கின்றன. தசை பெருக்க இது போதுமானது என்பதற்கு நல்ல சான்றும் உண்டு. 2012இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களைப் பத்து வாரம் பயிற்றுவித்தார்கள். 30 சதவீத எடையை ஓயும்வரை மூன்று சுற்று செய்த கால்களிலும், 80 சதவீத எடையை மூன்று சுற்று செய்த கால்களிலும் தொடைத் தசையின் பருமன் ஏறத்தாழ ஒரே அளவு, 7 சதவீதத்தை ஒட்டி, ஏறியது. ஆனால் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடிகிறது என்று பார்த்தபோது கனமான எடை முன்னே போய்விட்டது. தசை வளர்ந்தது, அதற்கு முழுப் பலமாக உத்தரவிடும் பழக்கம் அதே அளவு வளரவில்லை.

என் வாசிப்பில் இந்த வழியின் பலவீனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பெரிய அலகுகள் வேலை செய்வது கடைசிச் சில முறைகளில் மட்டும். முன்னே செய்த இருபது முப்பதும் அந்த இடத்துக்குப் போய்ச்சேரக் கொடுக்கும் கட்டணம். கட்டணத்தைக் கட்டிவிட்டு, எரிச்சல் தொடங்கியதும் நிறுத்துபவர்களே அதிகம். அவர்கள் கட்டியது முழுவதும் வீண். தனியாக வீட்டில் செய்பவர் உண்மையிலேயே முடியாத இடம்வரை போவது அபூர்வம். மூட்டு கனத்தைத் தாங்காதவருக்கும், எடைக்கல் கிடைக்காதவருக்கும் இது நல்ல வழி. பொறுமை இல்லாதவருக்கு ஆகாது.

தொடையை வார்ப்பட்டையால் இறுக்கி இரத்த ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு லேசான எடை தூக்கும் முறையும் இதன் தங்கைதான். கட்டணம் குறைகிறது, அலகுகள் சீக்கிரம் வருகின்றன. பழகிய சிகிச்சையாளரின் மேற்பார்வை இல்லாமல் வேண்டாம். வீட்டில் கிடைக்கும் கயிற்றைக் கட்டிக்கொள்ளும் யோசனை வேண்டவே வேண்டாம்.

வெடுக்கென்று தள்ளுதல்

நால்வரில் இதற்குத்தான் விளம்பரம் குறைவு. எனக்கோ இதன்மேல் தனிப் பிரியம். வேகமாக முயன்றால் வரிசை குலைந்து பெரிய அலகுகள் முதலில் பாய்ந்துவிடும் என்று இன்றும் சில பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். 1977இல் பெல்ஜியத்தின் டெஸ்மெட், கோடோ இருவரும் பார்த்தபோது அப்படி எதுவும் இல்லை. வரிசை அதேதான். மாறுவது நேரமும் வேகமும். மெதுவாக முக்கும்போது உயர்ந்த பலத்தில் இறங்கும் அலகு, வெடுக்கென்ற முயற்சியில் வெகு குறைந்த பலத்திலேயே இறங்கிவிடுகிறது. முதல் சில துடிப்புகள் நொடிக்கு 60 முதல் 120 என்ற வேகத்தில் நெருக்கியடித்து வருகின்றன. முழுப் பலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுகூட இந்த வேகம் வருவதில்லை.

1998இல் வான் கட்செம், டுஷாடோ, ஹைனோ மூவரும் பன்னிரண்டு வாரம் இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். உச்சபலத்தின் 30, 40 சதவீத எடைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் இயன்ற வேகத்தில். தொடக்கத்தில் அடுத்தடுத்து 5 மில்லிநொடிக்கும் குறைந்த இடைவெளியில் இரட்டைத் துடிப்பு விட்ட அலகுகள் நூற்றுக்கு 5 மட்டும். பயிற்சிக்குப் பின் 33. இரட்டைத் துடிப்பு விழுந்தால் இழைகளின் இழுவிசை சட்டென்று ஏறும். தடுக்கி விழப்போகும் மனிதர் காலை முன்னே எட்டிவைக்கக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போன்றது. தசை முழுப் பலத்தை எட்ட அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அந்த நெருக்கடியில் உதவுவது முதல் துடிப்புகள்தான். அறுபது வயதுக்காரருக்கு இது இளைஞனைவிட முக்கியம், ஏனெனில் வயதாக ஆக அலகுகளின் எண்ணிக்கையும் குறைகிறது, துடிப்பின் வேகமும் குறைகிறது. 1995இல் கேமனும் சக ஆய்வாளர்களும் சுட்டுவிரலை அசைக்கும் தசையில் அளந்தபோது, முழு முயற்சியில் இளையோருக்கு நொடிக்குச் சுமார் 51 துடிப்பு, முதியோருக்கு 31.

வேகமாகத் தள்ளு என்றதும் முதியவர் பயப்படுவார், பயம் நியாயம்தான். இங்கேதான் 1993இல் பேம், சேல் இருவரும் செய்த சோதனை கைகொடுக்கிறது. ஒரு காலை உண்மையிலேயே வேகமாக அசையவிட்டார்கள். மற்றக் காலை அசையாதபடி பூட்டிவிட்டு, வேகமாக அசைக்க முயலச் சொன்னார்கள். வேகம் சார்ந்த பலன் இரண்டு காலிலும் ஒரே மாதிரி வந்தது. வேகமாக அசைக்க வேண்டும் என்ற முனைப்புதான் வேலை செய்கிறது. கால் உண்மையில் பறக்க வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து, எழும்போது மட்டும் விருட்டென்று எழ முயன்று, உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக உட்கார்ந்தால் அதுவே இந்தப் பயிற்சி. உடம்பு கனமாக இருந்தால் எழுவது மெதுவாகத்தான் நடக்கும். நடக்கட்டும், முனைப்பு குறையாமல் இருந்தால் போதும்.

மின்சாரம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் பணம் அதிகம் போவது இங்கேதான். தொடையில் இரண்டு பட்டைகள், ஒரு சிறு பெட்டி. பொத்தானை அழுத்தினால் தசை தானாக இறுகும். ‘சாதாரணப் பயிற்சியில் வேலை செய்யாத தசை இழைகளையும் எழுப்பும்’ என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கும்.

அந்த வாசகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாதாரண மனிதர் முழுப் பலத்தோடு முக்கும்போது பாதித் தசை தூங்கிக்கொண்டிருக்கிறது என்பது உண்மையா? 1954இல் மெர்ட்டன் இதைச் சோதித்தார். கட்டைவிரலை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும்போதே அந்த நரம்புக்கு ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தார். சும்மா இருக்கும் அலகு ஏதேனும் மிச்சம் இருந்தால் அழுத்தமானியின் கோடு ஒரு துள்ளு துள்ள வேண்டும். துள்ளவில்லை. தொடை முன்தசையில் பிற்காலத்தில் செய்த இதே மாதிரிச் சோதனைகளில் சிறு துள்ளல் தெரிகிறது. ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலும் 85 முதல் 95 சதவீதம்வரை தாமாகவே எட்டிவிடுகிறார்கள். எழுப்ப வேண்டிய தூங்குமூஞ்சிகள் அதிகம் இல்லை.

இரண்டாவது, மின்சாரம் யாரை எழுப்புகிறது? அது தண்டுவடத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பட்டைக்குக் கீழே, தோலை ஒட்டி ஓடும் நரம்பிழைகளைத் தட்டுகிறது. பெரியது சிறியது என்ற வரிசை இல்லை. அருகில் இருப்பது அகப்படும், ஆழத்தில் இருப்பது தப்பும். அகப்பட்டவை எல்லாம் ஒரே நொடியில், ஒரே தாளத்தில் துடிக்கின்றன. மூளை உத்தரவிடும்போது அலகுகள் மாறி மாறித் துடிப்பதால் குறைந்த வேகத்திலேயே இழுவிசை சீராகிவிடுகிறது. பூனையின் காலில் நரம்பைப் பல பிரிவுகளாக்கி மாற்றி மாற்றித் தூண்டி 1969இல் ராக், வெஸ்ட்பரி இருவரும் இதைத் தெளிவாகவே காட்டினார்கள். பெட்டிக்கு அந்த நுணுக்கம் தெரியாது. தசை நடுங்காமல் இறுக வேண்டுமானால் நொடிக்கு 50ஐ ஒட்டித் தட்ட வேண்டியிருக்கிறது. அதே அலகுகளை, ஓய்வின்றி. அதனால்தான் மின்சாரத்தில் தசை வெகு சீக்கிரம் களைக்கிறது. இன்னும் பலம் வேண்டுமென்றால் மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும், கூட்டினால் வலிக்கும். வலி தாங்காமல் பெரும்பாலோர் நிறுத்தும் இடத்தில் கிடைக்கும் பலம், அவர்கள் தாமாக முக்கினால் வருவதைவிட வெகு குறைவு.

ஆரோக்கியமான காலுக்கு இதை வாங்குவது தண்டம் என்பதே என் முடிவு. வயிற்றுப் பட்டைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்ட பட்டைகளை உடற்பயிற்சிக்கு மாற்று என்று விளம்பரம் செய்த நிறுவனங்கள் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2002இல் வழக்கே தொடர்ந்தது. உடல் முழுதும் பட்டை கட்டிச் செய்யும் முறையில், முதல் நாளே மிகையாகப் போய்த் தசை சிதைந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பற்றிய குறிப்புகளும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன.

ஆனால் ஒரு நிலையில் இதே பெட்டி மற்ற மூன்றையும் முந்திவிடும். அறுவை சிகிச்சை முடிந்த முழங்காலை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ‘இதை அழுத்துங்கள்’ என்பார் பிசியோதெரபிஸ்ட். நோயாளி பல்லைக் கடித்து முக்குவார், இடுப்பு தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், பாதம் மடங்கும். தொடை மட்டும் தொளதொளவென்று கிடக்கும். முழங்கால் சில்லு இம்மிகூட மேலே ஏறாது. சோம்பலும் இல்லை, பயமும் இல்லை. மூட்டு வீங்கினால் அங்கிருந்து போகும் சேதி தண்டுவடத்தில் தொடைக்கான நரம்புச் செல்களை அடக்கிவைக்கிறது. 1984இல் ஸ்பென்சரும் மற்றவர்களும் ஆரோக்கியமான முழங்காலுக்குள் உப்புநீரை ஏற்றிப் பார்த்தார்கள். 20, 30 மில்லி ஏறியதுமே தொடையின் உட்புறத் தசை அடங்கத் தொடங்கியது. மற்றப் பகுதிகள் அடங்க 50, 60 மில்லி தேவைப்பட்டது.

உத்தரவு தண்டுவடத்திலேயே தடைபடும்போது எடையும் எண்ணிக்கையும் முனைப்பும் என்ன செய்யும்? மின்சாரம் தடையைச் சுற்றிக்கொண்டு நேரே நரம்பிழையைத் தொடுகிறது. 1995இல் ஸ்னைடர்-மேக்லரும் சக ஆய்வாளர்களும் ஜவ்வு மாற்று சிகிச்சை முடிந்த 110 பேரிடம் நான்கு வாரம் ஒப்பிட்டார்கள். சிகிச்சை நிலையத்தின் பலமான மின்னோட்டத்தோடு பயிற்சியும் செய்தவர்களின் தொடை வலு, நல்ல காலின் வலுவில் 70 சதவீதத்தை எட்டியது. பயிற்சி மட்டும் செய்தவர்கள் 57. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய, பேட்டரியில் ஓடும் மிதமான பெட்டியைப் பயன்படுத்தியவர்கள் 51. பெட்டி வாங்கப் போகிறவர் இந்தக் கடைசி எண்ணை ஒரு முறைக்கு இரு முறை படிக்கலாம். பலன் மின்சாரத்தில் இல்லை. தாங்கும் எல்லைவரை கூட்டிய மின்சாரத்தில் இருக்கிறது. இதய மின்தூண்டி பொருத்தியவர்கள், கர்ப்பிணிகள், காலில் இரத்தக்கட்டு உள்ளவர்கள் தொடவே கூடாது. சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி மங்கியவர்களுக்குத் தீக்காயம் ஏற்பட்டாலும் தெரியாது.

யாருக்கு எது

அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு முதல் வாரங்களில் மின்சாரம், அதுவும் நிலையத்தில். தசை இறுகும்போது சும்மா படுத்திருக்காமல் தாமும் சேர்ந்து முக்க வேண்டும். காலை நேராக நீட்டித் தூக்கும்போது முழங்கால் வளையாமல் நிற்கும் நாள் வந்ததும் பெட்டியை மூட்டை கட்டிவிடலாம். பிறகு லேசான எடை, ஓயும்வரை. மூட்டு அமைதியானதும் கனமான எடை. கடைசிப் படியை ஏறாமலே வாழ்நாள் முழுதும் பட்டையும் ரப்பர் நாடாவுமாகக் காலம் தள்ளுபவர்கள் நிறைய. ஒரு கால் மற்றதைவிட மெலிந்தே நின்றுவிடுகிறது.

நாற்காலியிலிருந்து எழ முடியாதவருக்கு வேகத்தின் முனைப்பு முதலில், எடை பிறகு. இரண்டும் வேண்டும். நடைப்பயிற்சியே போதும் என்று அவரிடம் சொல்பவர்கள் அவருடைய இதயத்துக்கு நல்லது செய்கிறார்கள். வரிசையின் கடைசியில் இருக்கும் அலகுகளுக்கு அழைப்பே போவதில்லை.

குச்சிக்கால் இளைஞருக்குக் கனம், லேசு இரண்டும் தசை கொடுக்கும். மூட்டும் இரத்த அழுத்தமும் நன்றாக இருந்தால் கனத்தைத் தேர்வது புத்திசாலித்தனம்: நேரம் குறைவு, வலு கூடுதல். வாரம் இரண்டு நாள், நான்கைந்து முறை கொண்ட சில சுற்றுகள்.

சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே மூன்று நிமிடம் உட்கார வேண்டும் என்பதை மட்டும் அவர் கேட்கமாட்டார். 1986இல் பிக்லண்ட்-ரிச்சி குழுவினர், களைத்த தசைக்கு இரத்தம் போகாமல் பட்டையால் இறுக்கிவைத்துப் பார்த்தபோது துடிப்பின் வேகம் மீளவே இல்லை. பட்டையை அவிழ்த்து இரத்தம் ஓடவிட்டதும் மூன்று நிமிடத்துக்குள் பழைய நிலைக்கு வந்தது. நாற்பது நொடியில் மறுபடி எடைக்கு அடியில் போய் நிற்பவர் தூக்குவது அதே எடையைத்தான். வேகம் குறைந்த துடிப்போடு. அந்த மூன்று நிமிடத்தில் வேறொருவர் வந்து இயந்திரத்தைப் பிடித்துக்கொள்வார் என்பது வாஸ்தவம். துண்டைப் போட்டு இடம் பிடித்துவைக்க வேண்டியதுதான்.